கலியமூர்த்தியின் கேள்விப் பலகை

கோவில்பதாகை என்கிற ஊரைத் தாண்டி ஏரிப் பக்கமாக மனை பிரித்து விற்றபோது அந்த இடத்துக்குப் பொன்னியம்மன் நகர் என்று பேர் வைத்தார்கள். பேரில்தான் நகர் இருந்தது. மற்றபடி தரிசாகப் போன நெல்வயலில் வரிசையாகக் கல் நட்டிருந்தது, அவ்வளவுதான். முதலில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களில் கலியமூர்த்தியும் ஒருவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அங்கேயே தனக்கு அரை கிரவுண்டு சொந்தம் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சாரப் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் அவர் ஸ்ப்ரே பெயின்டர். மனைவி கெங்கம்மாள் நகரின் முதல் தெரு முனையில் பால் பூத் நடத்தினாள். விடிவதற்குள் வண்டி வந்து பாக்கெட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். வெளுக்கும்போது பால் கார்டும் பையுமாக ஜனம் வரிசையில் நிற்கும்.

அந்த வரிசையில்தான் தொல்லை ஆரம்பித்தது. நகரில் யாருக்கும் யாரையும் தெரியாது. ஒருவர் விழுப்புரம், ஒருவர் குடியாத்தம், இன்னொருவர் நசரத்பேட்டை. குழந்தை பிறந்ததை எங்கே பதிவது, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க யாரைப் பார்ப்பது, பூந்தமல்லிக்கு நேர் பஸ் உண்டா என்று எல்லாக் கேள்விகளும் கெங்கம்மாளிடம் வந்து விழுந்தன. தெரிந்ததைச் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் வரிசை வளர்ந்துவிடும். ஒருநாள் இரண்டு பாக்கெட் கை தவறி விழுந்து உடைந்ததும் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நா பால் குடுக்கறதா, பதில் சொல்றதா? இதுக்கு இன்னா பண்ணுவியோ பண்ணு."

கலியமூர்த்தி பட்டறையில் கேட்டு, கோணலாக வெட்டி ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பெரிய தகடை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தார். மினுங்காத கறுப்புப் பெயின்ட் அடித்து, பூத்தின் பக்கச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். கீழே ஒரு டப்பாவில் சாக்பீஸ், பக்கத்தில் ஒரு ஈரத்துணி. கேள்வி இருக்கிறவர்கள் எழுதலாம், பதில் தெரிந்தவர்கள் அதன் கீழே எழுதலாம். எண்பத்தெட்டாம் வருஷம் அது.

பலகையின் தலைப்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரே ஒரு வரி எழுதி வைத்தார்: 'கட்சி, சாதி, சாமி பேச்சு இங்கே வேண்டாம்.'

அந்த வரிக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் கன்னியப்பன் ஒரு கட்சி. அண்ணனின் உயிர் சிநேகிதன் செங்கல்வராயன் இன்னொரு கட்சி. செங்கல்வராயனுக்குத்தான் இவர்களுடைய தங்கையைக் கொடுப்பதாகப் பேச்சு. எண்பதில் நடந்த தேர்தலின்போது, ஓட்டு எண்ணுகிற அன்று, டீக்கடை ரேடியோ முன்னால் இரண்டு பேருக்கும் வாய் தடித்தது. சோடா பாட்டில் பறந்தது. கன்னியப்பனுக்கு இடது கண் போயிற்று. கல்யாணம் நின்றது. தங்கையை அப்புறம் வேலூர் பக்கம் எங்கேயோ தூரத்தில் கொடுத்தார்கள். தலைவர்கள் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்து கலியமூர்த்தி இருக்கிற இடத்தில் யாராவது கட்சிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பலகை நன்றாக ஓடியது. குழந்தையின் பூச்சித் தொல்லைக்கு என்ன கொடுப்பது என்று ஒருவர் எழுதினால், மாலைக்குள் மூன்று விதமான வைத்தியம் எழுதியிருக்கும். மிக்ஸியில் கரண்ட் அடிக்கிறது, அரிசியில் வண்டு வருகிறது, பி.எஃப். பணம் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவருக்குப் பதில் தெரிந்திருந்தது. புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த வடிவு என்ற பெண் ரவா உப்புமா ஏன் கட்டி தட்டுகிறது என்று எழுதிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு ஓடினாள். அதற்கு வந்த பதில்கள் பலகை கொள்ளாமல் சுவரிலும் இறங்கின. திருநின்றவூர்க்காரி, மாமியார் இல்லாத வீடு. அன்றிலிருந்து முதல் தெருப் பெண்கள் எல்லோரும் அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நிறையப் பதில் எழுதியவள் நாகவல்லி. எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த துணிகளைச் சரிபார்க்கிற வேலை. கணவன் தேவராஜ் வேன் ஓட்டினான். நாகவல்லிக்கு வாய் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். ஆனால் சாயம் போகாமல் துவைக்க, பொத்தான் தெறிக்காமல் தைக்க, சூப்பர்வைசரிடம் லீவு கேட்க என்று எதற்கும் அவளிடம் வழி இருந்தது. கலியமூர்த்தியை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவாள்.

அவ்வப்போது யாராவது வம்புக்கு எழுதுவார்கள். அடுத்த முதலமைச்சர் யார் என்று ஒரு கேள்வி. இந்தக் கட்சிக்காரனெல்லாம் திருடனா என்று இன்னொன்று. வேலைக்குக் கிளம்பும்போது கலியமூர்த்தி அதைப் பார்த்தால் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் போவார். ஜனமும் அதை ஏற்றுக்கொண்டது. அவரவர் வீட்டில் ஆளுக்கொரு கட்சி இருந்தது. பால் வாங்குகிற இடத்திலாவது நிம்மதி வேண்டும் என்று பல பேருக்கு இருந்தது உண்மை.

தொண்ணூற்றைந்தில், மழைக்காலம் முடிந்த சமயம், பலகையில் ஒரு கேள்வி வந்தது. மஞ்சள் காமாலைக்கு என்ன கொடுக்கலாம்? கீழாநெல்லி, மோர், இளநீர் என்று பதில்கள் வந்தன. அடுத்த வாரம் வேறொரு கையெழுத்தில் அதே கேள்வி. அப்புறம் மூன்றாவது தெருவிலிருந்து. தேவராஜுக்கும் வந்தது. வேன் ஓட்டப் போக முடியாமல் கண்ணெல்லாம் மஞ்சளாகப் பாயில் கிடந்தான்.

நாகவல்லி பலகையில் எழுதினாள்: 'நம்ம நகருக்கு மட்டும் ஏன் இத்தனை காமாலை?'

தண்ணீராக இருக்கும், காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒருவர் எழுதினார். குழாயில் காலையில் முதலில் வருகிற தண்ணீர் நாறுகிறது என்று இன்னொருவர். சாக்கடைக் கால்வாய்க்குள்ளேயே குழாயைப் போட்டிருக்கிறார்கள், அது உடைந்திருக்கும் என்று மூன்றாவது ஆள். கலியமூர்த்தி எல்லாவற்றையும் படித்தார். எதுவும் அவர் கையைத் துணிப் பக்கம் இழுக்கவில்லை. தண்ணீரும் காமாலையும் கட்சி இல்லை அல்லவா.

மறுநாள் அதன் கீழே நாகவல்லியின் கையெழுத்தில் இருந்தது: 'குழாயைச் சாக்கடையில் போட்ட கான்ட்ராக்டர் யார்? யார் தயவில் அவருக்கு அந்த வேலை கிடைத்தது?'

பதில் நகருக்கே தெரியும். கான்ட்ராக்ட் எடுத்துக் குழாய் போட்டது இரண்டாவது தெரு கஜபதி. ஆளுங்கட்சியில் வட்டப் பிரமுகர். உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் கிடந்த வருஷங்கள் அவை. கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது. நகராட்சி ஆபீசில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் யாருக்கு என்ன வேலை ஆக வேண்டுமென்றாலும் கஜபதி மூலம்தான் போக வேண்டும். இன்றைக்கு இந்தக் கேள்வி, நாளைக்கு அதற்குப் பதில், நாளன்றைக்கு சோடா பாட்டில் என்று கலியமூர்த்தியின் மனம் கணக்குப் போட்டது. துணியை நனைத்து அந்த இரண்டு வரியையும் துடைத்தார்.

சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவரை நாகவல்லி வழியிலேயே மறித்தாள்.

"கீழாநெல்லி எங்கக் கீதுன்னு கேட்டா வுடற. காமாலை எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா வுடற. யாரால வந்துச்சுன்னு கேட்டா மட்டும் அழிக்கற. எந்த எடத்துல அண்ணாத்தே அது அரசியலாப் பூடுச்சு?"

கலியமூர்த்தி தன் அண்ணன் கதையைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, வீட்டில் தேவராஜுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பலகையில் எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். துடைக்கிற வேலையும் இல்லாமல் துணி காய்ந்து விறைத்துக் கிடந்தது.

பொங்கல் கழிந்த வாரம் வடிவு இறந்துபோனாள். ஆறு மாதக் கர்ப்பம். காமாலை என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாலே நாளில் எல்லாம் முடிந்தது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தாள் என்று அவள் புருஷன் வந்தவர்களிடமெல்லாம் திருப்பித் திருப்பிச் சொன்னான். பாத்திரம் கழுவியதும் வாய் கொப்பளித்ததும் அதே குழாய்த் தண்ணீர்தானே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. கெங்கம்மாள் அன்று பூத்தைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பலகையில் ஒரே ஒரு வரி இருந்தது.

'வடிவு ஏன் செத்தாள்?'

நாகவல்லி எழுத்துத்தான். கலியமூர்த்தி அதன் முன்னால் நின்றார். அதில் கட்சி இல்லை, சாதி இல்லை, சாமி இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களும் பால் வாங்குவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் துணியைத் தொடாமல் வேலைக்குப் போனார். அன்று முழுக்கப் பட்டறையில் அவர் அடித்த பெயின்ட் வழிந்து வழிந்து நின்றது.

திரும்பி வந்தபோது கீழே பதில்கள் இருந்தன. விதி என்று ஒன்று. காமாலை என்று ஒன்று. கெட்ட தண்ணி என்று இரண்டு. கடைசியில் சின்ன எழுத்தில், 'கேக்க நாதி இல்லாமப் போனதால.'

அதைப் படித்துக்கொண்டிருந்தபோதே கஜபதி ஸ்கூட்டரில் வந்து நின்றான். இருவரும் ஒரே வயசுக்காரர்கள். கோபமாகப் பேசவில்லை. தோளில் கை போட்டு, துக்கத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள் என்றான். அந்தப் பெண்ணின் சாவை வைத்து எதிர்க்கட்சிக்காரன் லாபம் பார்க்கப் போகிறான் என்றான். கடைசியில் தலைப்பைக் காட்டினான்.

"நீயே எழுதி வெச்சிகீறியே மச்சான், கட்சிப் பேச்சு வேணாம்னு. அது நல்ல ரூல். அதும்படி அழிச்சுடு."

ஏழெட்டு வருஷமாகத் தான் காவல் காத்த வரியைக் கஜபதியின் வாயால் கேட்டபோது கலியமூர்த்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளைத் திருப்பி அண்ணன் வீட்டுக்கு மிதித்தார்.

கன்னியப்பன் வாசலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஒரு கண்ணால் பார்த்துப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி நடந்ததையெல்லாம் சொன்னார். உன் கண் போனதை நினைத்துத்தான் அந்த வரியை எழுதினேன், இப்போது என்ன செய்வது என்று கேட்டார். கன்னியப்பன் ரேடியோவைக் கீழே வைத்தார்.

"எங் கண்ணு கேள்வி கேட்டதால போவலடா. அன்னிக்கு அந்த டீக்கடையில ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்கல. நானும் செங்கல்வராயனும் பதிலாத்தான் கத்திகினு இருந்தோம்."

அப்புறம், செங்கல்வராயனுக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் காலை எடுத்துவிட்டார்களாம், பார்க்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னார். கலியமூர்த்தி தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு முதல் தெரு முனைக்குப் போனார். தேவராஜ் அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தான். அவனும் கூட வந்து ஓரமாக உட்கார்ந்தான். சாக்கடை ஓரம் தோண்டினார். இடுப்பளவு கூட இறங்கவில்லை, சாக்கடைக்குள்ளேயே போகிற குழாய் தெரிந்தது. இணைப்பு விலகி, அதற்கு மேல் கிழிந்த சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. கறுப்புத் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. சாக்கைச் சுற்றியது யாரோ, ஆனால் உடைந்தது தெரிந்துதான் சுற்றியிருக்கிறார்கள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வடிவின் புருஷன் பார்த்துவிட்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மதியம் கலியமூர்த்தி தலைப்பு வரியின் மேல் கறுப்பு அடித்தார். காய்ந்ததும் வெள்ளையில் எழுதினார்: 'எந்தக் கேள்வியும் கேட்கலாம். பதில் எழுதுபவர் பேர் போட வேண்டும். எப்படித் தெரியும் என்றும் எழுத வேண்டும். கோஷம் அழிக்கப்படும்.' அப்புறம் சாக்பீஸ் எடுத்து, வடிவு பேர் இருந்த கேள்விக்குக் கீழே தன் முதல் பதிலை எழுதினார்: 'சாக்கடையில் போட்ட குழாய் உடைந்து, அது தெரிந்தும் சரி செய்யாமல் விட்டதால். குழாய் போட்டது கஜபதி. உடைந்ததை இன்று தோண்டி நானே பார்த்தேன். கலியமூர்த்தி, முதல் தெரு.'

கெங்கம்மாள் படித்துவிட்டு, பூத்துக்கு உலை வைத்துவிட்டாய் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சாக்பீஸை வாங்கி, 'நானும் பார்த்தேன், கெங்கம்மாள்' என்று கீழே எழுதினாள்.

அவள் பயந்தது வீண் போகவில்லை. பூத்தைப் பற்றிப் புகார் போயிருக்கிறது என்று விசாரணைக்கு ஆள் வந்தார். ஒருநாள் காலை பலகையே காணோம். ஏரித் தண்ணீரில் ஒரு மூலை நீட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து நாலைந்து பேர் இறங்கித் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கலியமூர்த்தி சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மறுபடி பெயின்ட் அடித்து மாட்டினார்.

வாரா வாரம் சிலர் லீவு போட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி என்ன சொன்னார் என்பது மறுநாள் பலகையில் இருக்கும், போனவர் பேரோடு. இன்றைக்கு அவர் இல்லை. மனு மேலே போயிருக்கிறது. மேலே என்றால் எங்கே? பொறுத்திருங்கள். சொன்னதையெல்லாம் பால் வாங்குகிற ஜனம் முழுக்கப் படித்தது. முதலில் தண்ணீர் லாரி வந்தது. அடுத்த மழைக்கு முன்னால் சாக்கடைக்கு எதிர்ப்புறமாகப் புதுக் குழாய் போட்டார்கள். கஜபதி மேல் யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.

அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கஜபதி நின்றான். பலகையில் எல்லாக் கட்சிக்காரர்களும் சின்னம் வரைந்துவிட்டுப் போனார்கள். காலையிலும் மாலையிலும் துடைத்தே கலியமூர்த்திக்குக் கை ஓய்ந்தது. ஒரு காலையில், 'வடிவைக் கொன்னவனுக்கு ஓட்டுப் போடாதே' என்று எழுதியிருந்தது. பேர் போட்டிருந்தது, நாகவல்லி. அவர் அதையும் துடைத்தார்.

அவள் நேராக வந்தாள். இத்தனைக்கப்புறமும் அழிக்கிறாயா என்றாள். அது கேள்வி இல்லையே தங்கச்சி, கஜபதியிடம் கேட்க வேண்டியது இருந்தால் கேள்வியாக எழுது, ஒரு வாரமானாலும் கிடக்கட்டும் என்றார். அவளுக்கு ஆறவில்லை.

"செத்தவ பேரைச் சொல்றதும் கோஷமா? உன் பலகை, உன் துணி. நீயே வெச்சுக்கோ அண்ணாத்தே."

தேர்தல் முடிகிற வரைக்கும் அவள் அவரிடம் பேசவில்லை. பால் வாங்கவும் மகளைத்தான் அனுப்பினாள். அன்று தான் செய்தது சரியா என்று கலியமூர்த்திக்குக் கடைசி வரை தெளியவில்லை. அந்த வரியைக் கோஷம் என்று சொல்ல அவருக்கே வாய் கூசியது. விட்டிருந்தால் மறுநாள் எதிராளி எழுதுவதையும் விட வேண்டும், அதற்கடுத்த நாள் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கஜபதி ஜெயித்தான். கோவிலுக்கு மண்டபம் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தான், மூன்றாவது தெரு மொத்தமும் போட்டுவிட்டது. ஓட்டு எண்ணிய மறுநாள் பூத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு பால் வாங்கினார்கள். நாகவல்லி தானே வந்தாள். டப்பாவிலிருந்து சாக்பீஸ் எடுத்து எழுதினாள்: 'கவுன்சிலருக்கு ஒரு கேள்வி. நாலாவது தெருவுக்கு விளக்கு எப்போது? நாகவல்லி.'

எழுதி முடித்துத் திரும்பி, கலியமூர்த்தியைப் பார்த்து, இது கேள்விதானே என்றாள். கேள்விதான் என்றார். கெங்கம்மாள் உள்ளே சிரித்தது கேட்டது.

அந்தக் கேள்வி ரொம்ப நாள் கிடந்தது. சுற்றிலும் மற்றக் கேள்விகள் வந்தன, போயின. அதை மட்டும் யாரும் துடைக்கவில்லை. மழைச் சாரலில் மங்கினால் யாராவது மேலேயே எழுதிக் கெட்டிப்படுத்துவார்கள். கடைசியில் ஒரு காலை, வரிசையில் கூட்டம் இருக்கும்போதே, கஜபதி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாக்பீஸை வாங்கி, எழுத்துக் கூட்டி எழுதினான்: 'மார்கழிக்குள் விளக்கு எரியும். எப்படித் தெரியும்: ஆர்டர் ஆகிவிட்டது. கஜபதி.'

எழுதிவிட்டு, அழித்துவிடாதே என்று கலியமூர்த்தியிடம் சொல்லிவிட்டுப் போனான். ஸ்கூட்டர் தெரு திரும்புவதற்குள் நாகவல்லி அதன் கீழே எழுதிவிட்டாள்: 'எந்த வருஷத்து மார்கழி?'

விளக்கு தை மாதக் கடைசியில் வந்தது.